ஏழு நாற்பது பஸ்

கணக்குப் போட்டு விடை சொல்கிற புதிர் இல்லை இது. ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, நியாயம் சொல்லிவிட்டு இறங்க வேண்டிய புதிர். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகப் போகும்!

ஆவாரங்காட்டிலிருந்து மேலக்கோட்டைக்குப் பதினைந்து நிமிடப் பயணம். ஆனால் காலையில் ஏழு நாற்பதுக்கு ஒரு பஸ், அதை விட்டால் பத்தரைக்குத்தான். அந்த ஏழு நாற்பதும் பலகையில் மட்டும்தான். "எங்க மதினி சீலை கட்டிட்டு இருக்கா, இந்தா வந்துருவா" என்று ஜன்னல் வழியே ஒரு குரல் கேட்டால் போதும், பஸ் நிற்கும். மதினி வந்து ஏறும்போது தூக்குவாளியை மறந்திருப்பாள். அதற்கும் நிற்கும். இப்படியே எட்டேகால் ஆகிவிடும். ஊரில் எல்லோருக்கும் நல்ல மனசு, எல்லோரும் தினமும் லேட்!

இதில் அடிபட்டவள் மரியபுஷ்பம். மேலக்கோட்டைத் தையல் கம்பெனியில் வேலை. "இன்னொரு நாள் எட்டரை தாண்டி வந்தா வேலை கிடையாது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவள் நேரே டிப்போவுக்குப் போய், இன்னொரு பஸ் வேண்டும் என்று மேனேஜர் முன்னால் நின்றாள்.

"இருக்கிற பஸ்ஸையே உங்க ஊர்க்காரங்க நேரத்துக்கு விட மாட்டேங்காங்க" என்றார் மேனேஜர். "முப்பது நாள் நேரம் தவறாம அதை ஓட்டிக் காட்டுங்க. அரை மணிக்கு ஒரு பஸ் விடுதேன்."

மரியபுஷ்பம் டிரைவர் சுடலைமுத்துவிடம் வாக்கு வாங்கினாள். "யாருக்காகவும் காத்து நிக்கக்கூடாது அண்ணாச்சி. எனக்காகக்கூட." அவரும் ஸ்டியரிங்கைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

இருபத்தொன்பது நாள் சொன்னபடி ஓடியது! மதினிகள் விடிவதற்கு முன்பே சீலை கட்டினார்கள். முப்பதாம் நாள் ஊருக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸுக்கு மாலை போட்டு, கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, ஏழரைக்கே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். "எடுங்க அண்ணாச்சி, எடுங்க!" என்று ஒரே கூச்சல். சுடலைமுத்துவுக்கும் கை பரபரத்தது. கண்டக்டர் தனுஷ்கோடி கூட்டத்துக்குள் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் விசில் கொடுக்கும் முன்பே, ஏழு முப்பத்தேழுக்கு, வண்டி நகர்ந்துவிட்டது.

தெருமுனையில் மரியபுஷ்பம் ஓடி வந்தாள். பஸ் போவதைக் கண்டதும் தான்தான் பிந்திவிட்டோம் என்று நினைத்தாள். வேலை போகப்போகிறது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. "போங்க அண்ணாச்சி! நிப்பாட்டாதீங்க!" என்று இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தார் சுடலைமுத்து. ஆனால் வாக்கு வாக்குதானே! பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை விரட்டினார்.

அப்போது நீளமாக ஒரு விசில். தனுஷ்கோடிதான். பிரேக் விழுந்தது.

"முப்பது நாள் பாடும் போச்சேய்யா!" என்று டிரைவர் அலறினார். கண்டக்டர் மரியபுஷ்பத்தை ஏறச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு விசில் கொடுத்தார்.

கொடுத்த வாக்குக்காக நிற்காமல் போனார் டிரைவர். ஊருக்கு பஸ் வரட்டும் என்று தன் வேலையையே விடத் துணிந்தாள் மரியபுஷ்பம். இரண்டு பேர் பேச்சையும் மீறி வண்டியை நிறுத்தினார் கண்டக்டர். இந்த மூவரில் யார் செய்தது சரி? சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

கண்டக்டர் செய்ததுதான் சரி. மேனேஜர் கேட்டது நிற்காத பஸ்ஸை அல்ல, நேரத்துக்குப் புறப்படுகிற பஸ்ஸை. முந்திப் போவதும் நேரம் தவறுவதுதான். சொல்லப்போனால் அதுதான் பெரிய தப்பு: பிந்தி வரும் பஸ்ஸில் எப்படியாவது ஏறிவிடலாம், முந்திப் போனதில் ஏற முடியுமா? மரியபுஷ்பம் பிந்தவே இல்லை. இரண்டு விசில் கேட்டபோது மணி சரியாக ஏழு நாற்பது! அடுத்த மாதமே புது பஸ் வந்துவிட்டது. வந்த மூன்றாம் நாள், மரியபுஷ்பத்தின் கண்ணெதிரே ஏழு நாற்பது கிளம்பிப் போனது. அவள் ஓடவில்லை. நின்று நிதானமாக ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, எட்டுப் பத்தில் ஏறி வேலைக்குப் போனாள்.