கொய்யா என்று விற்ற மூட்டை

"எந்த மரத்தை நம்பலாம்? ஒரே வார்த்தையில சொல்லு. அதுக்கு மேல உங்கிட்ட எனக்கு ஒண்ணும் வேணாம்."

கேட்டவர் சூசைமாணிக்கம். வயது ஐம்பத்தெட்டு. தோளில் அரை மூட்டை மரச்சில்லு. மூன்று மைல் மலையேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கோபத்திலும் வாங்கியது.

சலேத்மேரி திரும்பிப் பார்க்கவில்லை. பன்றி விலாக்கறிக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்!"

"மூட்டையைக் கீழ வைங்க, பெரியப்பா. கறி மேல தூசி விழுது."

அவள்தான் குரு. குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்துநாலு வயது, ரப்பர் செருப்பு, இடுப்பில் கோணிச் சாக்கு. ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரண்டு மீட்டர், கறியைப் புகைபோட ஆள் உயரத்துக்கு ஒரு புகைப்பெட்டி. ஆசிரமம் என்றால் அவ்வளவுதான்.

சூசைமாணிக்கம் அவளிடம் ஆறு மாதம் பாடம் கேட்டவர். தன் மகளைவிடச் சின்னவளிடம் கைகட்டி நின்றது அவருக்கு லேசான காரியமாக இருக்கவில்லை.

முதல் பாடம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பெட்டியின் அடியில் கரண்டுக் கம்பி காயும். கறியை வேகவைப்பது அந்தக் கம்பி. மரம் மணத்துக்கு மட்டும். தட்டில் ஒரு கைப்பிடி, காய்ந்த சில்லு, போதும்.

இரண்டாம் பாடத்துக்கு இரண்டு மாதம். கறியைத் தொடவே விடவில்லை. பெட்டிக்குள் கிண்ணத்தில் பச்சைத்தண்ணீரை வைத்து, தட்டில் ஒவ்வொரு மரமாகப் போட்டுப் புகையேற்றி, அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னாள். கொய்யா, மா, பலா, காப்பி. வேப்பமரத் தண்ணீர் குடித்த அன்று அவர் மனசுக்குள் அவளைத் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு மரத்தின் பேரைச் சொல்லும் அளவுக்குப் படித்தார்.

பிறகு அவரும் ஒரு பெட்டி வாங்கினார். ஊரில் நல்ல பேரும் வாங்கினார்.

போன ஞாயிறு கோயில் திருவிழாவில் அந்தப் பேர் போயிற்று.

அவர் பெட்டியில் வெந்த கறியைத் தின்றவர்களில் நாற்பது பேர் வாந்தியெடுத்தார்கள். மூன்று பேரை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

வராதவள் செசிலி. அவருடைய சொந்த அக்கா.

"இன்னிக்கு ஏழாவது நாள்," என்றார் சூசைமாணிக்கம். "கிட்னி கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்றான். வாய் பூரா வெந்து கிடக்கு. ஒரு மடக்குத் தண்ணி இறங்கல. எங்கம்மா செத்தப்புறம் எனக்குச் சோறு போட்ட கை அது. நான் அதுக்கு என்ன போட்டிருக்கேன் பாத்தியா?"

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டியா? கேள்விப்பட்டுட்டு உப்புத் தேச்சுட்டு இருக்கியா?"

சலேத்மேரி கையை நிறுத்தினாள்.

"நீங்க எங்கிட்டப் படிச்ச ஆளுன்னு ஊருக்கே தெரியும். உங்க பெட்டியில கெட்டதுக்கு எம்பேரைத்தான் இழுக்கறாங்க. ஒரு வாரமா ஒருத்தன் இந்தப் படி ஏறல. எனக்கும் வயிறு எரியுது, பெரியப்பா. கத்தறதுக்கு ஆள் நீங்க ஒருத்தர்தான்னு நினைக்காதீங்க."

அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார்.

"தப்பு என்னுதும் இல்ல, உன்னுதும் இல்ல. மிக்கேலுது."

"யாரு, விறகுக் கடை மிக்கேலா?"

"அவனேதான், அந்தப் பொறம்போக்கு! திருவிழா அன்னிக்குக் காலையில எனக்குக் கொய்யா தீந்துபோச்சு. அவன்கிட்ட ஓடினேன். கொய்யான்னு சொல்லி இந்த மூட்டையைத் தலையில கட்டினான். இது கொய்யாவா? ஏதோ கம்பெனிக் கழிவுப் பலகை. மருந்தடிச்ச பலகை. அதை ஒடிச்சுக் கலந்து வச்சிருக்கான்."

"அவன் என்ன சொல்றான்?"

"ஊர்ல நாலு பேரு மரம் வெட்டிட்டு வந்து போடறாங்களாம், அவன் அள்ளிக் கட்டறானாம், அவனுக்கு ஒண்ணும் தெரியாதாம். அளந்துவிடறான்!"

"அதனால?"

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஊர்க்கூட்டம். அவன் கடை இருக்கிறது கோயில் நிலம். நாளையோட காலி. பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு எங்கயாவது போய்த் தொலையட்டும். சாட்சி நான். இந்த மூட்டையை நடுவுல கொட்டப் போறேன். நீயும் வந்து, இது கொய்யா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்."

"எந்த மரத்தை நம்பலாம்னு கேட்டீங்களே?"

"அதையும் சொல்லு. இனிமே எவன் கடையிலும் ஏமாற நான் தயாரில்ல."

சலேத்மேரி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தாள். நகக்கண்ணெல்லாம் தேய்த்து நிதானமாகக் கழுவினாள்.

அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே அக்கா இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இங்கே இவளுக்கு நகம் பெரிதாகப் போய்விட்டது. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தது புகைப்பெட்டிதான். ஓங்கி ஒரு அறை அறைந்தார். அதோடு விடாமல் கதவைப் பிடித்து இழுத்தார். புகை முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே போயிற்று.

அவள் ஓடி வந்து அவர் கையைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"என்ன பண்றீங்க? ஒரு தடவை திறந்தா ஏறின சூடு அத்தனையும் போச்சு! ஆறு மாசம் தினமும் சொன்னேனே, அதுகூட மறந்துபோச்சா?"

"மறக்கல!"

"மறக்காத ஆளு பண்ற வேலையா இது?"

"நான் ஒண்ணையும் மறக்கல! நீ சொல்லிக்குடுத்த அத்தனையும் இங்க இருக்கு!" அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப நல்லதாப் போச்சு."

அவள் மூலையில் கிடந்த அரிசி புடைக்கிற சொளகை எடுத்து வந்தாள். மூட்டையின் வாயை அவிழ்த்து, சொளகு நிறையச் சில்லுகளைக் கொட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"பொறுக்குங்க."

"எதை?"

"புகைக்கு ஆகிறதை இந்தப் பக்கம் வைங்க. ஆகாததை அந்தப் பக்கம் தள்ளுங்க."

"இந்த விஷத்துலயா?"

"நீங்க நல்லதுன்னு எடுத்து வைக்கிறதை இந்தப் பெட்டியில போடுவேன். வேற மரம் தொட மாட்டேன். சாயந்தரம் அந்தக் கறியை நானே தின்பேன்."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கலன்னு சொன்னீங்க. நான் உங்களை நம்பறேன். பொறுக்குங்க."

அவருக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நாளைக்கு இவள் சாட்சி வேண்டும். இவள் சொன்னால் ஊர் கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் கோபத்தில் கை போன போக்கில் பொறுக்கினார். கெட்டியாக, சிவப்போடி, பட்டை வழவழவென்று இருந்தது கொய்யா. சந்தேகமே இல்லை. அது இந்தப் பக்கம். வெளுத்து, மெத்தென்று, ரம்பம் போட்ட தடத்தோடு இருந்தது பலகைத் துண்டு. அது அந்தப் பக்கம். ஒன்றில் ஆணி இருந்த ஓட்டை. அதற்கு மிக்கேலின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார்.

சலேத்மேரி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கை தயங்கியது. நல்லது என்று ஒதுக்கிய கொய்யாச் சில்லு ஒன்றைத் திரும்ப எடுத்து மோந்து பார்த்தார். அதில் கொய்யா மணம் இருந்தது. அதற்கு மேல் வேறொரு வாடையும் லேசாக இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருப்பவளை ஏறிட்டுப் பார்த்தார். இவள் சொன்னால் செய்துவிடுவாள். தின்றுவிடுவாள்.

ஒதுக்கியதில் ஒரு துண்டை அந்தப் பக்கம் தள்ளினார். பிறகு இன்னொன்று. கடைசியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. அதையும் அள்ளி அந்தப் பக்கம் கொட்டினார்.

"ஒண்ணும் தேறாது."

"பாதிக்குப் பாதி கொய்யா இருந்துச்சே, பெரியப்பா."

"இருந்தா என்ன? அந்தக் கழிசடையோட ஒண்ணாக் கிடந்த மரம். பொடி ஒட்டியிருக்கு, வாடை ஏறியிருக்கு. போடக் கூடாது."

"ஒரு கைப்பிடிதானே வேணும். நல்லதாப் பாத்து எடுத்தா ஆகாதா?"

"ஆகாதுங்கறேன்!" வாளியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஒரு துண்டு தப்பாக் கண்ணுல பட்டாப் போதும், மூட்டையோட கொண்டுபோய்க் குழியில கொட்டணும். நீதானே சொல்லிக்குடுத்தே? இப்ப எங்கிட்டயே நோட்டம் பாக்கறியா?"

"சரி. குழியிலயே கொட்டுவோம்."

"கொட்டாதே! நாளைக்குக் கூட்டத்துல வேணும்."

"கூட்டத்துல கொட்டி என்னன்னு சொல்லுவீங்க? எல்லாருக்கும் உங்க மூக்கு இருக்கா? மரம் மரமாத்தான் இருக்கு, இதுல என்ன கெட்டுதுன்னு மிக்கேல் கேப்பான். ஊரும் ஆமாம்பாங்க. அவன் பொண்டாட்டி வந்து கால்ல விழுவா. மோந்து பாத்தேன்னு சொல்லி ஒரு குடும்பத்தை வெளியேத்த முடியுமா?"

"மோந்து வேற பாக்கணுமா?" அவர் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "பெயின்ட் இருந்துச்சே! நீலப் பெயின்ட்! கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு துண்டுல அப்பியிருந்துச்சே! பொட்டைக் கண்ணனுக்குக்கூடத் தெரியுமே! அதைத் தூக்கிக் காட்டினா மிக்கேல் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவான்?"

"அது போதும்," என்றாள் சலேத்மேரி. "அதை எடுங்க. நாளைக்கு நானே வந்து தூக்கிக் காட்டறேன்."

சூசைமாணிக்கம் சொளகைக் கிளறினார். இல்லை.

மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து மிச்சத்தைத் தரையில் கொட்டினார். மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பரத்தினார். கொய்யா, பலகை, கொய்யா, பட்டை. ஒவ்வொன்றாகப் புரட்டினார். சாக்கை உள்புறம் வெளியே வரப் புரட்டி உதறினார். தூள்தான் விழுந்தது.

"இருந்துச்சு," என்றார். "சத்தியமா இருந்துச்சு. எங்கண்ணால பாத்தேன். இந்தக் கையால..."

பரத்திக்கொண்டிருந்த கை நின்றது.

பெட்டியின் கம்பி டிக்கென்று அணைந்தது. அவர் தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க, பெரியப்பா?"

"இதுல இல்ல."

"பின்ன?"

"எடுத்து எறிஞ்சுட்டேன்."

"எப்ப?"

அவர் சொன்னதை அவள் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"திருவிழா அன்னிக்கு. மிச்சத்தை அள்ளி எம்பெட்டியில போடறதுக்கு முந்தி."