அரச சின்னமும் அரண்மனை மாடுகளும்

கொண்டல்ராயன் என்று ஒரு ராஜா. நாட்டின் யானைச் சின்னம் அவருக்குச் சலித்துப்போனது.

“இனி என் முகம்தான் சின்னம்! யானை இருக்கிற இடத்திலெல்லாம் என் முகம் இருக்க வேண்டும். குறை சொல்கிறவன் தலை போகும்!” என்றார்.

மந்திரிகள் தங்கள் தலையைத் தடவிக்கொண்டே “ஆஹா!” என்றார்கள்.

அரண்மனை மாடுகளுக்கு அடையாளச் சூடு போடும் இருளாண்டி மட்டும் கைகட்டி முன்னால் வந்தான்.

“குறையே இல்லை சாமி, ஒரே ஒரு சந்தேகம். மாட்டுக்குப் பின்தொடையிலதானே யானைச் சூடு போடுறோம்? அங்க மகாராஜா முகம் வந்தா, ஈ ஓட்டுற வால் நாள் பூரா அதைத்தான் அறையும். சாணியும் கொஞ்சம் தெறிக்கும். முந்நூறு மாடு இருக்கு, நாளைக்கே ஆரம்பிச்சிடட்டுங்களா?”

ராஜா தன்னையறியாமல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

“யானைக்கு என்னய்யா குறைச்சல்? அதுவே இருக்கட்டும்!” என்றார்.