சிட்டுவைச் சுத்தி பதினோரு அக்கா

ஒரு கடல்ல ஒரு ஜெல்லி மீனு. அது உடம்புக்குள்ள, கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி வீடு. காலை ஆட்டாம கேளு நறு, இல்லன்னா சித்தி எந்திரிச்சுப் போயிடுவேன். "ம்" சொல்லு.

வீடுன்னா செங்கல் கிடையாது. பதினோரு அக்காங்க வட்டமா, பீப்பாய் மாதிரி, கையைக் கோத்துக்கிட்டு விறைப்பா நிப்பாங்க. அவங்கதான் சுவர். நடுவுல கடைக்குட்டி சிட்டு. நீல வெளிச்சம் மேல பட்டா லபக்குனு முழுங்கிட்டு, பளிச்சுனு பச்சையா ஒளிருவா. ஏன் பச்சையா? அடியே, முழுங்குன நீலத்தோட பலத்துல கொஞ்சம் உள்ளயே தங்கிடும், பலம் குறைஞ்ச மிச்சம்தான் பச்சையா வெளிய வரும். ம்?

அப்புறம் ஒருநாள் சிட்டு அழுதா. "அக்கா, ஒரே இறுக்கமா இருக்கு. ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கிறேனே!"

மூத்தவ வடிவுக்கு மனசு கேக்கல. பக்கத்துல நின்னவ கையை விட்டுட்டா. சிட்டு கிடுகிடுன்னு ஆடினா பாரு ஆட்டம்! ஆட ஆட வெளிச்சம் மங்குது. "ஐயோ, பிள்ளை அணைஞ்சே போயிடுவாளோ"ன்னு எல்லாரும் பதறிட்டாங்க.

அப்போ ஒருத்தி, "பசியா இருக்கும்டி"ன்னா. சரின்னு நீல வெளிச்சத்தை மொண்டு மொண்டு ஊத்துனாங்க. சிட்டு லபக் லபக்குனு முழுங்கினா. முழுங்கினது பூரா ஆட்டத்துக்கே போச்சு. இன்னும் மங்கல்.

அப்புறம் பயந்துபோயி எல்லாருமா சேர்ந்து நெருக்கினாங்க. நச்! சிட்டு உடம்பு கோணிப் போச்சு. ஒரே இருட்டு.

"விட்டாலும் அணையுறா, நெரிச்சாலும் அணையுறா, என்னதான்டி செய்யறது?"ன்னு வடிவு ஓன்னு அழுதுட்டா. எனக்கும் புரியலடி நறு. லேப்ல நாளெல்லாம் இந்த ஜெல்லி மீனு வெளிச்சத்தைத்தான் பாக்குறேன், மண்டை காயுது. இரு, எங்க விட்டேன்? ஆங், இருட்டு.

அப்போ அந்த இருட்டுல சிட்டு முனகினா. "அக்கா, பழையபடி நில்லுங்க. கையை மட்டும் கோத்துக்கோங்க. நான் ஆடல."

நின்னாங்க. கோணல் மெல்ல நிமிந்துச்சு. பளிச்!

என்ன, இன்னும் தூங்கலையா? அவ அப்புறம் ஆடவே மாட்டாளான்னா கேக்குற?

சுவரா நின்னாலும் அக்காங்களுக்கு மூச்சு இருக்குல்ல? மூச்சு விடுறப்போ நடுவுல துளியூண்டு இடம் வரும். அந்த நேரம் பாத்து சிட்டு சடக்குனு ஒரு ஆட்டம் ஆடிடுவா. வெளிச்சம் ஒருதரம் அணைஞ்சு மறுபடி வரும். வடிவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் ஒருநாளும் திட்டினதில்ல. அடுத்த மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடுவா, அவ்ளோதான்.

அவங்க கதை அங்க நின்னுது, உன் தூக்கம் இங்க வருது. மூடு கண்ணை.