முதலாளியின் வெள்ளைச் சட்டை

கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த படகு முதலாளி பல்தசார், அலுமினிய ஜன்னல் மாட்ட வந்த அமலோற்பவத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கஞ்சித் தட்டையா ஜன்னலாக்கிக் கொண்டாந்திருக்கே? உப்புக்காத்துக்கு இரும்புதான் தாங்கும். இல்லேன்னா இப்பவே நிரூபி. முடியலேன்னா உனக்கு வேலை கிடையாது."

இரும்பு துருப்பிடிக்க மாதக்கணக்காகுமே, இப்பவே எப்படிக் காட்டுவது? அவள் வாசலைப் பார்த்தாள்.

"முதலாளி, இந்த இரும்புக் கேட்டும் காவல்காரர் கொட்டகையோட அலுமினியக் கதவும் போன வருஷம் ஒண்ணா மாட்டினதுதானே? இடது தோளைக் கதவிலே சாச்சுப் பாருங்க. பிறகு வலது தோளைக் கேட்டிலே."

"இதென்ன பெரிய வித்தை?" என்று சாய்ந்தார்.

வெள்ளைச் சட்டையின் இடப்பக்கம் அப்படியே இருந்தது, வலப்பக்கமெல்லாம் செங்காவித் துரு.

"நிரூபிச்சாச்சு முதலாளி."

கொத்தனார்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சரி சரி, மாட்டு. கேட்டுக்கும் அளவெடு," என்ற பல்தசார் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு முன்னே, வீட்டுக்காரி பார்க்கிறதுக்குள்ளே இந்தக் கறை போக ஒரு வழி சொல்லு தாயி!"