உடைமரப் புதரில் எறிந்த கோழி

கொழுந்து தபால் இலாகாவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். குளக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவாக ஏற்றுக்கொண்ட உலகம்மைக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "அய்யா" என்பாள்.

மடத்துக் கொல்லையில் ஒரு செவலைக் கோழி இருந்தது. துக்க வீட்டுக்கு வெளியூர் புறப்பட்ட அம்மா, "கோழியைப் பாத்துக்கிடுங்க அய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கோழி இறக்கை தொங்க, மூலையில் உறங்கி வழிந்தது. தானியம் போட்டார், திரும்பியும் பார்க்கவில்லை. என்னவோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் தியான வேளை. எழுந்து வந்து கவனிப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கென்று மனம் நன்றாக அடங்கியது. வெயில் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

கோழி கழுத்து திருகிச் செத்துக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல்.

யாரும் பார்க்கவில்லை. காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், வேலிக்கு அப்பால் உடைமரப் புதரில் எறிந்தார். கொல்லையைக் கழுவினார். கையை இரண்டு தரம் கழுவினார்.

மூன்றாம் நாள் அம்மா திரும்பினாள். கம்பை அள்ளிக்கொண்டு கொல்லையில் நின்று, "பா... பா..." என்று கூப்பிட்டாள்.

"கீரி பிடிச்சிட்டுப் போயிட்டும்மா," என்றார் கொழுந்து.

"அப்படியா," என்றாள். கம்பைத் திரும்பப் பானையில் போட்டாள்.

இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் கேட்கவில்லை. மத்தியானம் பிசைந்த சோற்றை வாயில் வைக்க முடியாமல் எழுந்தார். நேரே போய் அவள் காலில் விழுந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எனக்கு என்ன பிராயச்சித்தம்மா?"

"கழிச்சல் வெள்ளையா இருந்ததா?"

"ஆமா. பச்சையும் கலந்து."

"அந்தப் புதர்ல யார் வீட்டுக் கோழி மேயுது?"

வெள்ளைக் கழிச்சல் மற்றக் கோழிகளுக்கும் தொற்றும் என்பது கொழுந்துக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வீட்டுப் பேச்சித்தாய்க்குப் பதினோரு கோழி. முட்டை விற்றுத்தான் அவள் பிழைப்பு.

அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். "நான் புதைச்சிடுதேன். நீங்க அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

"அவ முகத்துல எப்படிம்மா முழிப்பேன்? ஒரு நாள் விரதம் இருந்து, மனசைத் தேத்திக்கிட்டு..."

"விரதம் இருந்தா அவ கோழி பிழைக்குமா?"

கொழுந்து போனார்.

பேச்சித்தாய் கேட்டுவிட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "காலையிலயிருந்து ரெண்டு தூங்கி வழியுதே, ஏன்னு தெரியாம எல்லாத்தையும் ஒண்ணாத்தானே அடைச்சு வச்சிருக்கேன்! படிச்ச மனுசன் செய்யுற காரியமா இது?" தெருவே கேட்டது. கொழுந்து தலைகுனிந்து நின்றார். பிறகு அவளோடு சேர்ந்து, நோய்ப்பட்டதை வேறாகப் பிரித்தார். கால்நடை டாக்டரைக் கூட்டிவர அவரே போனார்.

ஏழு செத்தன. நாலு தப்பின.

ஒரு வாரம் கழித்து அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன். திட்டும் வாங்கிட்டேன். நாலைக் காப்பாத்தியாச்சு. இருந்தாலும் இந்த வெட்கம் போகலியேம்மா. உட்கார்ந்தா தியானத்துலயும் வந்து நிக்குது."

"பேச்சித்தாய் கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடிக்கணும்னு சொன்னா. ஆள் இல்லையாம்."

"நான் போறேன். ஆனா இந்த வெட்கம்?"

"அதுக்கென்ன, கூடவே வரட்டும். சுண்ணாம்பு வாளி கனமாத்தான் இருக்கும். இன்னொரு கை உதவுமே."