ஏழு முள் பாலம்

காட்டோடையின் குறுக்கே ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். அதன் ஓரத்து வளையில் கூரன் என்ற முள்ளம்பன்றி தனியாக வசித்தது. பாலத்தைக் காப்பது அதன் வேலை. மழைக்காலத்தில் தன் முட்களை உதிர்த்துப் பாலத்தின் இரு முனையிலும் நடும். ஒரு முள் இருந்தால் பார்த்துப் போக வேண்டும். ஏழு முள் இருந்தால் பாலம் மூடியாயிற்று!

கூரனுக்குச் சொந்தமென்று யாரும் கிடையாது. அக்கரையில் செம்பி என்ற சருகுமான் வசித்தது. தினமும் காலையில் மேய்வதற்காக இக்கரைக்கு வரும். வரும்போது நின்று நாலு வார்த்தை பேசும். அந்த நாலு வார்த்தையை வைத்துத்தான் கூரன் நாள் முழுவதையும் ஓட்டும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஓடை கரைபுரண்டது. மரம் ஆடியது. கூரன் ஏழேழு முள்ளை நட்டுவிட்டுக் காடே அதிரக் கத்தியது.

“பாலம் மூடியாச்சு! யாரும் வராதீங்க!”

செய்தது சரிதான். ஓர் உயிரும் வெள்ளத்தில் போகவில்லை.

வெள்ளம் வடிந்ததும் செம்பி அக்கரையில் வந்து நின்றது.

“கூரண்ணே, இப்ப வரலாமா?”

“பாசி சுரண்டணும். பொறு!”

மூன்றாம் நாள் மறுபடியும் வந்தது. “இப்ப வரலாமா?”

“கரையில கல்லு பாவணும். சும்மா சும்மா வந்து கேக்காதே! மூடினா மூடினதுதான்!”

அதிகாரம் வந்தால் முள்ளம்பன்றிக்கும் கொம்பு முளைக்கும் அல்லவா? செம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியது. பிறகு வரவே இல்லை.

கூரன் ஒரு மாதம் உழைத்தது. பாசியைச் சுரண்டியது. இரு கரையிலும் கல் பாவியது. கடைசியில் முட்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வளை வாசலில் உட்கார்ந்தது.

“திறந்த பாலம் கண்ணுக்குத் தெரியாதா என்ன? தானா வருவாங்க!”

ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாவிய கல்லின் இடுக்கில் புல் தலைகாட்டியது. கூரன் தனக்குத்தானே “இப்ப வரலாமா?” என்று கேட்டு, “வா, வா!” என்று பதிலும் சொல்லிப் பார்த்தது. அழுகைதான் வந்தது.

பதினோராம் நாள் அதுவே பாலத்தைக் கடந்து செம்பியின் புதரைத் தேடிப் போனது. செம்பி காலை நீட்டிப் படுத்திருந்தது. குளம்பு வீங்கியிருந்தது.

“ஐயோ, என்ன ஆச்சு செம்பி?”

“மலையைச் சுத்தித்தானே அண்ணே இப்ப எல்லாரும் மேயப் போறோம்? கல்லு குத்திடுச்சு.”

“மலையைச் சுத்தியா! பாலம் திறந்து பத்து நாளாச்சே!”

“பத்து நாளா!” செம்பியின் கண் கலங்கியது. “மூடினப்போ காடே அதிரக் கத்தினீங்க. திறந்தப்போ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

கூரன் உடனே கிளம்பியது. வளை வளையாக, புதர் புதராகப் போய்ச் சொன்னது. “மலைவழி பழகிப்போச்சுப்பா” என்று முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூரன் தனியாகவே வீடு திரும்பியது.

மறுநாள் காலை பாலத்தின் மேல் குளம்புச் சத்தம் கேட்டது. ஒரு காலை நொண்டி நொண்டி வரும் சத்தம்.

“இப்ப வரலாமா அண்ணே?”

“வா, வா!” என்றது கூரன். சொல்லிக்கொண்டே எதிரே ஓடியது.

வழியை அடைத்தவர் அதைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது. திறந்திருக்கிறது என்று தாமே போய்ச் சொல்லவும் வேண்டும்.