மாதா கோயில் தளம்

ஞாயிறு காலைப் பூசை நடந்துகொண்டிருந்தபோது நிலம் குலுங்கியது. தீவின் பழைய மாதா கோயில் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். உபதேசியார் தொம்மையின் மனைவி சலேத்தும் அவர்களில் ஒருத்தி.

அது நூற்றுப்பத்து வருடத்துக் கோயில். இதற்கு முன்பே இரண்டு பூகம்பங்களைப் பார்த்திருந்தது. அப்போதெல்லாம் சுவர் விரிசல் விட்டது, ஓடுகள் சரிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் திருப்பணி தொடங்கியது. மரச்சட்டத்தின்மேல் தகரக் கூரை போதும் என்றார் வந்திருந்த இன்ஜினியர் அம்மா. ஊர் ஒப்பவில்லை. இடிந்த கோயிலில் இருந்ததுபோல் கான்கிரீட் கூரைத் தளம்தான் வேண்டும் என்றார்கள்.

"கடவுள் சோதிச்சார். நாம பயந்துட்டோம்னு ஆகக் கூடாது."

தொம்மைக்கு ஐம்பது வயது. இருபது வருடமாகப் பங்குச் சாமியார் இஞ்ஞாசியிடம் வேலை பார்க்கிறார். அன்று மாலை அவரிடம் கேட்டார்.

"சாமி, சலேத்து முழங்கால்ல இருந்தா. கண்ணை மூடி செபம் சொல்லிட்டிருந்தா. கடவுள் அவளை ஏன் எடுத்தார்?"



அடுத்த ஞாயிறு கூடாரத்தில் பூசை. பிரசங்க நேரத்தில் சாமியார் பீடத்தை விட்டு இறங்கி வந்து, மக்கள் முன்னால் முழந்தாளிட்டார்.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால, ஓட்டுக் கூரையைப் பிரிச்சுட்டுத் தளம் போடச் சொன்னது நான். பழைய சுவரு அந்தக் கனத்தைத் தாங்காது சாமின்னு கொத்தனார் மிக்கேல் சொன்னார். உனக்கு விசுவாசம் இல்லையான்னு கேட்டேன். அதுக்கு மேல அவர் பேசல. தளத்தைப் போட்டார். நிலம் குலுங்கின அன்னைக்கு அவரும் அதுக்கு அடியிலதான் கிடந்தார்."

மிக்கேலின் மகள் எழுந்து வெளியே போனாள். அவள் பின்னாலேயே பலரும் போனார்கள். தொம்மை கடைசியாகப் போனார்.

சாமியார் மறைமாவட்ட ஆயருக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்.

தளத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. கூரைக்கு மரம் வந்து இறங்கியது. உதவிக்கு ஆள் வரவில்லை. சாமியார் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு சட்டத்துக்கும் கரையான் மருந்து பூசினார்.

எட்டாம் நாள் தொம்மை வந்தார். சற்றுத் தள்ளி நின்றார்.

"ரெண்டு வருஷம் தினமும் என் முகத்தைப் பார்த்தீங்க, சாமி."

"பார்த்தேன்."

"என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்க."

"ஆமா."

"அப்போ சொல்லாதவர் இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க? கடவுள் சித்தம்னு நினைச்சுக்கிட்டே நானும் போய்ச் சேர்ந்திருப்பேனே."

சாமியார் பிரஷைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷமா நீ கடவுளை மன்னிக்கப் பார்த்துக்கிட்டிருந்தே, தொம்மை. அவர் செய்யாத ஒண்ணுக்காக."